ஹோக்கஸ் போக்கஸ்: கையை மறைத்த வாய்

சில சொற்களின் பிறப்புக் கதைகள் கேட்ட மாத்திரத்தில் மனசுக்குப் பிடித்துப்போகும். பிடித்துப்போவதாலேயே அவற்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் 'ஹோக்கஸ் போக்கஸ்' அப்படி ஒரு சொல். தில்லுமுல்லு, கண்கட்டு வேலை, ஆளை அசத்துகிற வெற்று ஆரவாரம் என்று எல்லாவற்றுக்கும் பேச்சுவழக்கில் அது புழங்குகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பத்தைக் கையில் ஏந்திய குரு, 'ஹோக் எஸ்ட் கோர்புஸ்', அதாவது 'இது உடல்' என்று லத்தீனில் சொல்வார். லத்தீன் தெரியாத ஊர்சனங்களின் காதில் அது ஹோக்கஸ் போக்கஸ் என்று விழுந்தது. அப்பம் உடலாகிறது என்றால் பந்து முட்டையாகாதா என்று தெருவித்தைக்காரன் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். கதை முடிந்தது.

இந்தக் கதையில் ஒலி ஒத்துவருகிறது, பொருள் ஒத்துவருகிறது, கொஞ்சம் குறும்பும் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லின் பிறப்பை ஏற்றுக்கொள்ள இவை போதாது. அந்தச் சொல் முதலில் எழுத்தில் வந்தது எப்போது, வந்தபோது என்ன பொருளில் வந்தது, அதைச் சொன்ன வாய் யாருடையது, இன்றைய விளக்கத்தை முதலில் கொடுத்தவர் யார், அவருக்கு அதில் என்ன லாபம் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். திருப்பலிக் கதை இந்தக் கேள்விகளில் பாதியிலேயே திணற ஆரம்பித்துவிடுகிறது. முழுக்க விழுந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. அதுதான் தொல்லை.

பேராயர் போட்ட முடிச்சு

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. இந்த விளக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஜான் டிலட்சன். 1691 முதல் 1694-ல் இறக்கும்வரை கான்டர்பரி பேராயராக இருந்தவர், இங்கிலாந்துத் திருச்சபையின் பெரிய பிரசங்கி. அப்பமும் திராட்சை ரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்ற கத்தோலிக்கக் கோட்பாட்டைத் தாக்குகிற இடத்தில், வித்தைக்காரர்களின் ஹோக்கஸ் போக்கஸ் பெரும்பாலும் ஹோக் எஸ்ட் கோர்புஸின் சிதைவாகத்தான் இருக்க வேண்டும், ரோமைக் குருமார்களைக் கேலியாகப் போலி செய்ததில் வந்திருக்க வேண்டும் என்கிறார். 'பெரும்பாலும்' என்பது அவர் போட்டதுதான். சான்று எதையும் காட்டவில்லை. அவருடைய நோக்கத்துக்குச் சான்று தேவையும் இல்லை. எதிராளியின் சடங்கைத் தெருவித்தையோடு ஒரே தட்டில் வைப்பதற்கு இந்த ஊகம் கைகொடுத்தது. பின்னால் வந்தவர்கள் 'பெரும்பாலும்' என்பதை உதிர்த்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள்.

டிலட்சன் இதைச் சொல்லும்போது சொல்லுக்கு ஏற்கெனவே 60, 70 வயது. அந்த இடைவெளியைவிடப் பெரிய சிக்கல் காது சம்பந்தப்பட்டது. திருப்பலியில் குரு சொல்லும் வாக்கியம் 'ஹோக் எஸ்ட் எனிம் கோர்புஸ் மேயும்'. நடுவில் ஒரு 'எனிம்' இருக்கிறது. காதில் விழுந்த திரிபு என்றால் அந்த அசைகளின் நிழலாவது தங்கியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பலியின் மையமான அந்தப் பகுதியைக் குரு தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட தனக்குள்ளேயே சொல்வதுதான் அக்கால வழக்கம். கோயிலின் பின்வரிசையில் நின்றவருக்கு மணியோசை கேட்டிருக்கும், அப்பம் உயர்த்தப்படுவது தெரிந்திருக்கும்; வாக்கியம் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. போதாததற்கு 1559-க்குப் பிறகு இங்கிலாந்தில் லத்தீன் திருப்பலி சட்டப்படி தடை. சொல் தோன்றிய 1620-கள் வாக்கில் சந்தையில் வித்தை பார்க்கக் கூடிய கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தச் சடங்கை வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். லத்தீன் விவிலியத்தில் அந்த வாக்கியம் 'எனிம்' இல்லாமல்தான் வருகிறது. சடங்கைப் பார்க்காதவர்களும் அதைப் பற்றிய சண்டையைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'ஹோக் எஸ்ட் கோர்புஸ்' அந்தச் சண்டையின் கோஷம் மாதிரி. துண்டுப்பிரசுரங்களிலும் பிரசங்க மேடைகளிலும் அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஆக, பாமரன் காதில் தப்பாக விழுந்தது என்ற பகுதி நிற்காது. படித்த குறும்பன் ஒருவன் வேண்டுமென்றே திரித்திருக்கலாம் என்பது நிற்கும், ஒரு காலில்.

சொல்லுக்கு முன்னால் ஓர் ஆள்

முதல் பதிவுகளைப் பார்த்தால் வழக்கமான கதை சொல்லாத ஒன்று தெரிகிறது. ஹோக்கஸ் போக்கஸ் முதலில் மந்திரமாக வரவில்லை, மோசடி என்ற பொருளிலும் வரவில்லை. ஆளாக வருகிறது. 1624-ல் ஜான் கீ என்பவர் கத்தோலிக்கக் குருமார்களைச் சாடி எழுதிய நூலில், இவர்கள் தங்கள் பாலபாடத்தை யாரோ ஒரு 'ஹோக்கஸ் போக்கஸ்' வித்தைக்காரனிடம் கற்றிருப்பார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். 1626-ல் அரங்கேறிய பென் ஜான்சனின் நாடகம் ஒன்றில், பழைய நாடகங்களின் தீமைப் பாத்திரம் வித்தைக்காரனின் அங்கி போட்டுக்கொண்டு ஹோக்கஸ் போக்கஸ் போல வந்ததாக ஒரு வரி. இரண்டு பேருமே விளக்கம் சொல்லவில்லை. வாசகனுக்கும் பார்வையாளனுக்கும் அந்தப் பெயர் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

யார் அந்த ஆள் என்பதற்குப் பதில் 1655-ல் வருகிறது. தாமஸ் ஏடி என்ற மருத்துவர், சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்துத் தூக்கிலிடுவதை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அமானுஷ்யம் என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி கைவேலைதான் என்று காட்டுவதற்காக வித்தைக்காரர்களின் தொழிலை விவரிக்கிறார். ஜேம்ஸ் மன்னர் காலத்தில், அதாவது 1603-க்கும் 1625-க்கும் இடையில், ஊர் ஊராகச் சுற்றிய ஒருவன் இருந்தான். தன்னை 'மாட்சிமை தங்கிய மன்னரின் மகா உன்னத ஹோக்கஸ் போக்கஸ்' என்று அழைத்துக்கொண்டான். காரணம், ஒவ்வொரு வித்தையின்போதும் அவன் சொல்வது: 'ஹோக்கஸ் போக்கஸ், டோன்டுஸ் டலோன்டுஸ், வாடே செலெரிடர் யூபேயோ.' 1619-ல் வித்தை காட்ட அரச உரிமம் பெற்ற வில்லியம் வின்சென்ட் என்பவர்தான் இவர் என்று நாடக வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். முதல் துண்டு அர்த்தமற்றது. இரண்டாவது துண்டும் அப்படியே, லத்தீன் வேஷம் மட்டும் கட்டியிருக்கிறது. மூன்றாவது துண்டோ சுத்தமான லத்தீன்: 'சீக்கிரம் போ, ஆணையிடுகிறேன்.' பந்துக்கு இடும் கட்டளை. 18 அசை கொண்ட இந்தச் சரத்தில் ஒன்பது அசை பொருளுள்ளது, ஒன்பது அசை சத்தம். திருப்பலிக் கதை நம்மைப் பார்க்க வைப்பது முதல் நான்கு அசைகளை மட்டும். மிச்சத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு தொழில்முறைப் பேச்சு கண்முன் வருகிறது. அது புதிதும் அல்ல. 1584-லேயே ரெஜினால்ட் ஸ்காட், இதே மாதிரி சூனிய பயத்துக்கு எதிரான தம் நூலில், வித்தைக்காரர்கள் 'ஃபோர்ட்டுனா ஃபூரியே, நுன்க்வாம், க்ரேடோ, பாஸ், பாஸ்' என்றெல்லாம் சொல்வதைக் குறித்துவைத்திருக்கிறார். நாய்க்கடிக்கு 'ஹாக்ஸ் பாக்ஸ் மாக்ஸ்' என்று ஆரம்பிக்கிற ஒரு போலி லத்தீன் மந்திரமும் அந்த நூற்றாண்டில் புழக்கத்தில் இருந்தது. ஹாக்ஸ் பாக்ஸிலிருந்து ஹோக்கஸ் போக்கஸ் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். நம் ஊரில் வித்தைக்காரர் 'ஓம் க்ரீம்' என்று இழுத்துவிட்டு 'சூ மந்திரக்காளி' என்று முடித்தால், இது எந்தச் சுலோகத்தின் சிதைவு என்று யாரும் ஓலைச்சுவடி தேடிப் போவதில்லை. மந்திரம் போல ஒலித்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று கிண்ணம், நான்கு உருண்டை

ஏடியின் பத்தியில் பெயர் விளக்கத்தைவிட முக்கியமானது அடுத்து வரும் காரணம். பார்ப்பவரின் கண்ணும் காதும் இரண்டும் மும்முரமாக இருக்கும்போது தந்திரம் எளிதில் பிடிபடாது, அதற்காகவே இந்த இருண்ட சொற்கள் என்கிறார். 1634-ல் லண்டனில் அச்சான 'ஹோக்கஸ் போக்கஸ் ஜூனியர்' என்ற கைநூலும் வித்தைக்காரனுக்கு நான்கு தகுதி கேட்கிறது: துணிச்சல், கைச்சுத்தம், பார்ப்பவரை மலைக்கவைக்கும் விசித்திரச் சொற்கள், கண்ணைத் திசைதிருப்பும் உடலசைவு. மூன்றாவது தகுதிதான் நம் சொல். அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க அந்த நூலிலேயே வருகிற கிண்ண உருண்டை வித்தையை எடுத்துக்கொள்ளலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் செனக்கா தம் 45-ஆம் கடிதத்தில் கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு செய்யும் இந்த வித்தையைக் குறிப்பிடுகிறார், அதுவும் எப்படி என்று தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்ற புகாரோடு. தெரிந்த பிறகும் எனக்கு சுவாரசியம் கூடத்தான் செய்கிறது.

தேவை, ஒரே அளவில் மூன்று கிண்ணம், ஒரே மாதிரி நான்கு உருண்டை. கூட்டத்துக்குத் தெரிவது மூன்று உருண்டை. நான்காவது வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு சேரும் மடிப்பில் ஒளிந்திருக்கும். உருண்டை ஜாதிக்காய் அளவு இருந்தால் அந்த மடிப்பில் தானாக நிற்கும். பெரிதானால் விரல் விறைத்துக் காட்டிக்கொடுக்கும், சிறிதானால் நழுவும். தக்கையோ துணிச்சுருளோ நல்லது. கோலிக்குண்டு போல உறுதியான எதுவும் உலோகக் கிண்ணத்தில் 'டிங்' என்று ஒருமுறை பட்டால் அன்றைய பிழைப்பு முடிந்தது. வட இந்தியாவிலும் நம் பக்கமும் தரையில் உட்கார்ந்து காட்டும் வித்தைக்காரர்களின் கிண்ணம் மணி வடிவில், தலையில் ஒரு குமிழோடு இருக்கும். குமிழை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தூக்குவதால் மற்ற விரல்கள் உருண்டையைக் கவனித்துக்கொள்ள முடியும். ஐரோப்பியக் கிண்ணம் வாய் அகன்று, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் இடையில் உருண்டை தங்க இடம் விட்டு நிற்கும்.

முதல் கிண்ணத்தைத் தூக்கிக் காலி என்று காட்டிவிட்டு, கீழே வைக்கும்போது ஒளித்த உருண்டையை உள்ளே விட்டுவிட வேண்டும். கிண்ணத்தின் கூட்டத்தைப் பார்த்த முன்விளிம்பு முதலில் தரையைத் தொடவேண்டும், வித்தைக்காரன் பக்கத்துப் பின்விளிம்பு கடைசியில். பதற்றத்தில் இதை மாற்றிச் செய்பவர்கள் அதிகம், அப்போது உருண்டை வெளியே துள்ளும். பிறகு கண்ணுக்குத் தெரிகிற உருண்டை ஒன்றை வலக்கையால் எடுத்து இடக்கையில் வைப்பதுபோல வைத்து, வலக்கையிலேயே நிறுத்திக்கொள்வது. இடக்கை மூடும்போது உள்ளே உருண்டைக்கான இடம் விட்டு மூடவேண்டும். கற்றுக்குட்டிகள் கையை இறுக்கி மூடுவார்கள், ஒரு பொருளை வைத்திருக்கும் கை அப்படி இருக்காது. கண் இடக்கையைப் பார்க்கவேண்டும். இடக்கையைத் திறந்தால் காலி. கிண்ணத்தைத் தூக்கினால் உருண்டை. மறைந்த உருண்டை இப்போது வலக்கையில் அடுத்த திருட்டு உருண்டையாகிவிட்டது. கூட்டம் முதல் உருண்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வித்தைக்காரன் எப்போதும் ஒரு படி முன்னால் இருக்கிறான். வித்தை முழுவதும் இந்த ஒரு படிதான்.

மந்திரச்சொல் எங்கே வருகிறது? இங்கேதான் ஏடி சொன்னதில் சின்னத் திருத்தம் தேவை. கை திருட்டு வேலை செய்கிற அதே நொடியில் மந்திரம் சொன்னால் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் 'இதோ இப்போது நடக்கப்போகிறது' என்று அறிவிப்பதே மந்திரம்தான். எல்லோரும் கையை முறைப்பார்கள். உருண்டை கிண்ணத்துக்குள் போய் ஒரு மூச்சு கழிந்தபின், காலியான இடக்கையை நீட்டி, நிதானமாக 18 அசையையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ நான்கு நொடி. கூட்டம் அந்த நான்கு நொடியைத்தான் பின்னால் நினைவில் வைத்திருக்கும், அதற்குள்தான் எல்லாம் நடந்தது என்று சத்தியம் செய்யும். உண்மையில் அந்த நேரத்தில் எதுவுமே நடக்கவில்லை. அமெரிக்க வித்தைக்காரர்கள் பென், டெல்லர் இருவரும் இதே வித்தையைக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் செய்து காட்டுகிறார்கள். உருண்டை உள்ளே போவது அப்பட்டமாகத் தெரிகிறது. அப்படியும் கண் தவறவிடுகிறது.

இதை வைத்துப் பார்த்தால் ஹோக்கஸ் போக்கஸுக்கு 'மோசடி' என்ற பொருள் வந்த வழியைத் திருச்சபையில் தேட வேண்டியதில்லை. அந்தச் சொல் ஆரம்பத்திலிருந்தே செய்த வேலையே அதுதான். ஒருவனின் வாய்ப்பேச்சு அவனுக்குப் பெயரானது, அவன் பெயர் அந்தத் தொழில் செய்யும் எவனுக்கும் பெயரானது, தொழிலின் பெயர் அந்த மாதிரி எந்த ஏமாற்றுக்கும் ஆனது. அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தையே ஆளுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்வது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

ஹகரமும் பகரமும்

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்புஸ் எப்படி போக்கஸ் ஆனது என்று விளக்க, 'கோர்' விழுந்தது, 'எஸ்ட்' விழுந்தது, எழுத்து இடம் மாறியது என்று பல படிகள் கட்டவேண்டியிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஹகரத்தில் தொடங்கி எதுகையோடு இரட்டிக்கும் குழப்பச் சொற்கள் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தன: ஹர்லி பர்லி, ஹெல்டர் ஸ்கெல்டர், ரகசியக் காரியத்துக்கு ஹக்கர் மக்கர், கலவைக்கு ஹாட்ஜ் பாட்ஜ். 19-ஆம் நூற்றாண்டில் ஹேங்கி பேங்கி வந்து சேர்ந்தது. தமிழ்க் காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாறுமாறு, கன்னாபின்னா, தில்லுமுல்லு, கோக்குமாக்கு. ஒழுங்கற்ற வேலைக்கு ஒழுங்கான எதுகை போடுவதில் இரண்டு மொழிக்கும் ஒரே கைதான். கோக்குமாக்குக்கு லத்தீன் மூலம் தேட யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

இருந்தாலும் ஜான் கீ விடமாட்டேன் என்கிறார். முதல் பதிவே கத்தோலிக்க எதிர்ப்பு நூலில் என்பது தற்செயலா? என் கணக்கு இது: வித்தைக்காரனின் பெயரை எடுத்துக் குருமார் மேல் வீசியிருக்கிறார்கள். அடி அந்தத் திசையில் போயிருக்கிறது. ஒலி ஒற்றுமை அப்போதே சிலருக்குக் குறும்பாகப் பட்டிருக்கலாம், 60 ஆண்டு கழித்து டிலட்சன் அந்தக் குறும்பை வரலாறாக எழுதிவிட்டார். வின்சென்டோ அவருக்கு முந்தைய யாரோ ஒருவரோ 'ஹோக் எஸ்ட்' என்பதை மனதில் வைத்தே அந்தச் சரத்தைக் கட்டினார் என்று நாளை ஒரு கையெழுத்துப்படி கிடைத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த அளவுக்குத்தான் கதவு திறந்திருக்கிறது. நார்வேயில் இந்த மந்திரம் 'ஹோக்கஸ் போக்கஸ் ஃபிலியோக்கஸ்' என்று நீள்கிறது. அதில் லத்தீன் விசுவாசப் பிரமாணத்தின் 'ஃபிலியோக்வே'யை, அதாவது 'மகனிடமிருந்தும்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. தேடுகிற கண்ணுக்கு எல்லா இடத்திலும் கோயில்தான்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்

சொல்லின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டிலேயே 'ஹோக்கஸ்' தனித்து ஏமாற்று என்ற வினையானது. 19-ஆம் நூற்றாண்டில் பானத்தில் மயக்கமருந்து கலந்து கொடுத்துத் திருடுவதற்கும் அதுவே பெயர். அதைச் சுருக்கிச் சொன்னதில்தான் 'ஹோக்ஸ்' பிறந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அகராதிகளின் கருத்து. 1796-ல் ஃபிரான்சிஸ் குரோஸின் கொச்சைச்சொல் அகராதியில் அது கேலி செய்வது என்ற பொருளில் இடம்பெற்றது. இன்று நாம் 'புரளி' என்று மொழிபெயர்க்கும் அதே ஹோக்ஸ். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாடகக் கொட்டகைகளில் மலிவான உருக்கக் காட்சிக்கு 'ஹோக்கம்' என்றார்கள். அதிலும் இந்த இரத்தம் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பவருக்கு ஹோக்கஸ் போக்கஸ் ஒரு இடைஞ்சல். அகராதியில் 'செப்பிடு வித்தை' என்று கிடைக்கும், பேச்சில் செப்படி வித்தை. இதில் செப்பு என்பது சிறு கிண்ணம். பிள்ளைகள் விளையாடும் சொப்புச் சாமானின் அண்ணன். பிரெஞ்சுக்காரரும் வித்தைக்காரனைக் கிண்ணக்காரன் என்றே சொன்னார்கள், லத்தீனிலும் கிண்ணம்தான். ஆனால் தமிழில் செப்பு என்றால் சொல் என்றும் பொருள், 'செப்பும் வினாவும்' என்கிறது தொல்காப்பியம். வித்தைக்காரன் வாயால் செப்பியே ஏமாற்றுவதால் செப்பிடு வித்தை என்று ஒருவர் கிளப்பிவிட்டால், ஒலி பொருந்தும், பொருள் பொருந்தும், மேலே நான்கு பத்தியில் சொன்ன தொழில் நுணுக்கம்கூடப் பொருந்தும். டிலட்சன் விளக்கத்தைவிடக் கச்சிதமாகவே இருக்கும். தப்பாகவும் இருக்கும்.

நடைமுறையில், நிறுவனக் கணக்கில் எண்களை இடம் மாற்றி லாபம் காட்டியிருந்தால் 'செப்படி வித்தை' சரியாக உட்காரும், அங்கே நிஜமாகவே உருண்டை கிண்ணம் மாறுகிறது. போலி மருத்துவரின் சடங்குப் பேச்சையோ விளம்பரத்தின் அறிவியல் வேஷத்தையோ ஹோக்கஸ் போக்கஸ் என்று எழுதியிருந்தால், அங்கே கிண்ணமும் இல்லை, உருண்டையும் இல்லை, 'வாய்ஜாலம்' போடுவேன். இரண்டும் கலந்த இடத்தில், மூலத்தில் லேசான சிரிப்பும் இருந்தால், கோக்குமாக்கு.